நான் குறைத்த ஒரு யூனிட்

அன்பு மகளுக்கு,

உனக்கு முதல் வகை நீரிழிவு என்று தெரிந்து நாளையோடு 13 ஆண்டுகள் நிறைகின்றன. பொதுவில் எழுத நீ சம்மதித்தாய் என்றாலும், உறவினர்களும் படிப்பார்கள் என்பதால் மருத்துவமனை வாசலில் நீயும் அம்மாவும் பேசியதை இங்கே எழுதப்போவதில்லை.

ஐந்து வயதில் சர்க்கரை இறங்கி உனக்கு வலிப்பு வந்த இரவுக்குப் பிறகு, படுக்கும் முன் போடும் இன்சுலினில் மருத்துவர் சொன்னதைவிட ஒரு யூனிட்டைக் குறைத்தே போட்டுவந்தேன். உன்னிடம் இதை இன்றுதான் சொல்கிறேன். சர்க்கரை 70-க்குக் கீழே போனால்தான் மூளைக்கு ஆபத்து, 250-இல் நின்றாலும் காலையில் கண்விழிப்பாய் என்பதே அன்று நான் போட்ட கணக்கு.

நான்காம் வகுப்பில் ஒரு மாலை, 84-ஐ 7-ஆல் வகுக்கச் சொன்னேன். முந்தின நாள் நீயே போட்ட கணக்குதான். பென்சில் நுனியைத் தாளில் ஊன்றியபடி அசையாமல் இருந்தாய். அந்தப் புள்ளி மட்டும் கறுத்துப் பெரிதாகிக்கொண்டிருந்தது. மந்தம் என்று கத்தினேன். நீ அழவில்லை. நான் கேட்பது அதுதான் என்று நினைத்து இடது மோதிர விரலை நீட்டினாய். மீட்டர் 312 காட்டியது.

நான்கு வயது முதலான குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வைப் பிற்பாடு படித்தேன். நீரிழிவுள்ள குழந்தைகளுக்கு மூளையின் சாம்பல்நிறப் பகுதியும் வெண்ணிறப் பகுதியும் மெதுவாக வளர்ந்திருந்தன. சர்க்கரை எவ்வளவு காலம் உயர்ந்து நின்றதோ அவ்வளவுக்கு வேறுபாடும் கூடியிருந்தது. அறிவுத்திறன் சோதனையில் இடைவெளி சராசரியாகச் சில புள்ளிகள்தான். அந்தச் சராசரியை வைத்து உன்னை அளக்க முடியாது என்று தெரிந்தும், நான் குறைத்த யூனிட்டுகளை இரவு இரவாக எண்ணிப்பார்த்தேன்.

என்னை மன்னித்துவிடு. ஆனால் மூன்று மணிக்கு எழுந்து உன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவனும் நான்தான். பதினைந்து வயதில், பள்ளியில் மதிய ஊசியைப் போட்டுக்கொண்டதாக நீ சொல்லிவந்த மூன்று மாதங்களை யார் கணக்கில் எழுதுவது? சென்ற மாதம் எல்லோர் முன்னிலையிலும் "என் மூளையைக் கெடுத்தது நீங்கள்தான்" என்றாயே, அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். இதை எழுதியதற்காக வருந்துவேன், அழிக்கமாட்டேன்.

உனக்கான இன்சுலின் பம்ப்பை ஏன் அவ்வளவு அவசரமாக வாங்கினேன் என்று நீ கேட்டதில்லை. தானாகவே இன்சுலின் அளவை மாற்றும் கருவியைப் பதின்ம வயதினர் ஆறு மாதம் அணிந்தபோது, சர்க்கரையோடு மூளைப் படங்களிலும் முன்னேற்றம் தெரிந்ததாக 2022-இல் ஓர் ஆய்வு வந்தது. அந்த வயதிலும் மூளை வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டேன்.

உன் சென்சார் அளவுகளை என் கைப்பேசியில் பார்க்கும் வசதியை நீக்கச் சொல்லி ஒரு வருடமாகக் கேட்கிறாய். இன்றிரவு நீக்கிவிட்டேன். அதற்கு முன் ஒருமுறை பார்த்தேன்: 118, அம்பு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

அப்பா