கீமோ ஏறும் நாளும் இடைப்பட்ட நாட்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணையப் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவிவிட்டால் பொதுவாக அறுவை சிகிச்சைக்கு இடமில்லை, கீமோதான் வழி. அது நோயை அடியோடு நீக்காது, ஆயுளை நீட்டும். 2011-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் ஃபோல்ஃபிரினாக்ஸ் என்ற நான்கு மருந்துக் கூட்டு பெற்றவர்களில் பாதிப் பேர் 11.1 மாதங்களைத் தாண்டினார்கள். ஜெம்சிடபின் என்ற ஒற்றைக் கீமோ மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு அது 6.8. இந்த மாதங்கள் கைநழுவாமல் இருக்க வீட்டார் செய்ய வேண்டியதை உங்கள் மருத்துவப் பக்கம் அளவோடு அச்சிட வேண்டும்.

கட்டி பித்தக்குழாயை அடைத்து வரும் காமாலையைக் கீழாநெல்லி திறக்காது. எண்டோஸ்கோபி மூலம் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்து, இரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி இறங்கிய பிறகே ஃபோல்ஃபிரினாக்ஸ். அதிலுள்ள இரினோடெகான் பெரும்பாலும் பித்தத்தோடு வெளியேறுவது. வழி அடைபட்டால் உடலிலேயே தங்கி, கடும் வயிற்றுப்போக்கையும் வெள்ளை அணுச் சரிவையும் உண்டாக்கும். ஸ்டென்ட் மறுபடி அடைபடலாம்; குளிர்நடுக்கமும் சிறுநீர் கறுத்துப் போவதும் அதன் அடையாளம்.

கீமோ வெள்ளை அணுக்களைக் குறைப்பதால், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று இருந்தால் சூடு தணியும், கிருமி தணியாது. போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி ஏற வேண்டும். அதற்கு, கடைசி கீமோ எந்தத் தேதியில், என்ன மருந்து என்று வாசலிலேயே சொல்லுங்கள். சீட்டைக் கையில் வைத்திருங்கள்.

அதிகம் கவனிக்கப்படாதது செரிமானம். மலம் வெளிறி, எண்ணெய் மிதந்து, தண்ணீர் ஊற்றியும் போகாமல் நின்றால் கொழுப்பைச் செரிக்கவைக்கும் கணைய என்சைம் போதவில்லை என்று பொருள். மெலிவதற்குக் கீமோமேல் பழி போட்டு நெய்யையும் எண்ணெயையும் நிறுத்துகிறார்கள். உடம்பு இன்னும் இளைக்கிறது. தேவை என்சைம் கேப்சூல். தொடக்க அளவாக வேளைச் சாப்பாட்டுக்கு 50,000 யூனிட், பால், பலகாரத்துக்கு 25,000. மூன்று இட்லியும் ஒரு வேளைதான். 25,000 யூனிட் கேப்சூலானால் முதல் கவளத்தோடு ஒன்று, பாதிச் சாப்பாட்டில் ஒன்று. வெறும் வயிற்றில் போட்டால் வீண். மெல்லக் கூடாது, சூடான காபியோடு விழுங்கக் கூடாது. எண்ணெய்ப் பசை நிற்காவிட்டால் டாக்டர் அளவைக் கூட்டுவார். இது பன்றிக் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. சைவர்களும் இஸ்லாமியரும் இதை அறிந்ததும் சொல்லாமல் நிறுத்திவிடுவதுண்டு; மருந்து எழுதும்போதே டாக்டரும் வீட்டாரும் இதைப் பேசிவிட வேண்டும்.

இப்படிக்கு,
கீமோ வார்டு செவிலியர்கள், கோயம்புத்தூர்