ஜோடியைப் பிரிக்க வேண்டாம்: அக்கா மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

நேற்றிரவு நீ அனுப்பிய செய்தியையும் நான்கு படங்களையும் பார்த்தேன். லவ் பேர்ட்ஸ் ஜோடியை வாங்கி மூன்று வாரமாகியும் கூண்டின் அருகே போனாலே இரண்டும் பின்மூலையில் போய் ஒட்டிக்கொள்கின்றன என்றும், தீனிக் கிண்ணத்தை மாற்றக் கை நீட்டினால் ஒன்று அலகைத் திறந்து பாய்கிறது என்றும் எழுதியிருந்தாய். "ஜோடியாக இருக்கும்வரை பழகாது, பிரித்து வையுங்கள்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, ஒன்றை ஆறு மாதம் என் வீட்டில் விட்டுவைக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வைக்க இடமும் இருக்கிறது, காலிக் கூண்டும் இருக்கிறது. ஆனாலும் வேண்டாம் என்பதே என் பதில். காரணத்தைச் சொல்லாமல் மறுத்தால் நீ வேறு யாரிடமாவது கொண்டுபோய் விட்டுவிடுவாய் என்று தெரிந்ததால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

முதலில் உன்னிடம் இருப்பது எந்தப் பறவை என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று பத்து வீட்டில் சொன்னால் ஒன்பது வீட்டில் இருப்பது ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பட்ஜி என்னும் சிறு கிளிதான். உண்மையான லவ் பேர்ட்ஸைக் கடைகளில் ஆப்பிரிக்கன் என்று தனியாகப் பெயர் சொல்லி விற்கிறார்கள். அவற்றில் ஒன்பது இனங்கள் உண்டு. எட்டு ஆப்பிரிக்க நிலப்பரப்பிலும் ஒன்று மடகாஸ்கரிலும் வாழ்பவை. உன் படத்தில் உள்ளவற்றுக்குச் சிவந்த அலகும் ஆரஞ்சு முகமும் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமும் தெரிகின்றன; அவை வட தான்சானியாவைத் தாயகமாகக் கொண்ட பிஷர் வகை. என்னிடம் இருப்பவை நமீபியா, அங்கோலா பக்கத்து வறண்ட நிலங்களைச் சேர்ந்த, வளையம் இல்லாத பீச் முக வகை. இரண்டுமே உள்ளங்கைக்குள் அடங்கும், ஐம்பது கிராம் அளவிலான உயிர்கள்தாம். ஆனால் பட்ஜியைப் போலச் சாதுவானவை அல்ல. தன் கூண்டு, தன் துணை என்ற எண்ணம் அவற்றுக்கு மிக வலுவாக இருக்கும். ஆகவே பட்ஜி வளர்ப்பவர்கள் சொல்லும் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளாதே.

கடைக்காரர் சொன்ன அதே யோசனையை நானும் ஒருமுறை கேட்டேன் என்பதை உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். என் முதல் ஜோடி வந்த புதிதில், ஒன்றைக் கூடத்திலும் மற்றொன்றைப் பின்னறையிலும் வைத்தேன். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை கூடத்துப் பறவை கத்தும், பின்னறைப் பறவை பதில் கொடுக்கும். நடுவில் இருந்த இரண்டு சுவர்களும் அவற்றுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. நான்காம் நாள் பின்னறைப் பறவை தீனியைக் கிளறிவிட்டதே தவிர அதிகம் உண்ணவில்லை. பதினோராம் நாள் மனம் கேட்காமல் சேர்த்து வைத்தேன். சேர்ந்த மறுகணம் ஒன்றின் தலையை மற்றொன்று கோதத் தொடங்கியது. தன் அலகு தனக்கு எட்டாத இடம் தலையும் கழுத்தும்தான், அங்கே கோதிவிடத் துணை வேண்டும் என்பதை அன்றுதான் அருகில் நின்று பார்த்தேன். அதன்பின் ஒரு மாதம் என் புடவைத் தலைப்பு வாசலில் தெரிந்தாலே இரண்டும் குச்சியைவிட்டுப் பறந்தன. பிரித்தவள் யார் என்பதை அவை மறந்ததாகத் தெரியவில்லை.

பிரித்து வைத்தால் பறவை பழகும் என்பது முழுப் பொய்யும் இல்லை. தனியாய்க் கிடக்கும் பறவை வேறு வழியின்றி மனிதரிடம் ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டுதலை நம்பிக்கை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேலும், அப்படிப் பழகிய பறவையை ஆறு மாதம் கழித்துப் பழைய துணையுடன் அடைத்தால் இரண்டும் சண்டையிட்டுக் கால்விரலைக் கடித்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. நீ காலையில் அலுவலகம் போனால் இரவு எட்டு மணிக்குத்தான் திரும்புகிறாய். அந்தப் பதினோரு மணி நேரமும் அதற்குத் துணையாக இருக்கப்போவது மற்றொரு பறவைதானே தவிர நீ இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆண், பெண் என்று கடைக்காரர் காட்டியதை உறுதி என்று எண்ணாதே. உன் வகையிலும் என் வகையிலும் இரண்டு பாலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். டிஎன்ஏ பரிசோதனை செய்தால்தான் நிச்சயமாகத் தெரியும். நான் பெரியவள், சின்னவன் என்று பெயரிட்டு இரண்டு ஆண்டு கொஞ்சிய என் ஜோடி ஒரு மார்கழியில் ஒன்றாகப் பத்து முட்டைகள் இட்டது. வழக்கமாக ஒரு பறவை நான்கிலிருந்து ஆறு முட்டைகள்தான் இடும். சின்னவனும் அவள்தான் என்று அன்று தெரிந்துகொண்டோம். பெயரை மட்டும் மாற்றவில்லை. இரண்டும் பெண்ணாக இருந்ததால் அவற்றின் பிணைப்பு ஒரு துளியும் குறையவில்லை.

இனி, செய்யவேண்டியது. கூண்டு இப்போது அறையின் நடுவே இருப்பதாகப் படத்தில் தெரிகிறது. ஒரு பக்கமாவது சுவரை ஒட்டியிருக்கும்படி, உன் நெஞ்சு உயரத்தில் வை. நாற்புறமும் திறந்த இடத்தில் இருக்கும் பறவைக்கு நிம்மதி இருக்காது. சமையலறைப் பக்கம் மட்டும் கூடாது. நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடானால் எழும் புகை, நமக்கு ஒன்றும் தெரியாத நிலையிலேயே பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். பிறகு தினமும் ஒரே நேரத்தில், கூண்டிலிருந்து நான்கடி தள்ளி, பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து உன் வேலையைப் பார். புத்தகம் படி, வெங்காயம் உரி, அம்மாவுடன் தொலைபேசியில் பேசு. நேருக்கு நேர் இரண்டு கண்ணாலும் உற்றுப் பார்ப்பது வேட்டையாடும் விலங்கின் பார்வை. கண்கள் தலையின் இருபுறமும் அமைந்த பறவைக்கு அதைப்போல் அச்சமூட்டுவது வேறில்லை. மேலிருந்து இறங்கும் கையும் அப்படியே, அது அவற்றுக்குப் பருந்து. கிண்ணத்தை மாற்றும்போது கை கீழிருந்து, மெதுவாக, வருகிறேன் என்று ஒரு சொல் சொல்லிய பிறகு வரட்டும்.

அவை பயப்படுகின்றனவா, சும்மா இருக்கின்றனவா என்பதை உடம்பைப் பார்த்தே அறியலாம். இறகுகள் உடம்போடு ஒட்டி, கழுத்து நீண்டு, மெலிந்ததுபோல் அசையாமல் நின்றால் அது பயம். நீ அளவுக்கு மீறி நெருங்கிவிட்டாய் என்று பொருள், ஓரடி பின்னால் போ. நீ அருகில் இருக்கும்போதே ஒன்று இறகைக் கோதத் தொடங்கினால், ஒரு காலை மடித்து வயிற்று இறகுக்குள் செருகிக்கொண்டால், மாலையில் அலகை அலகோடு தேய்த்து அரிசி அரைப்பதுபோல் மெல்லிய ஓசை எழுப்பினால், அன்றைய பாடம் முடிந்தது. பயந்த பறவை உன் முன்னால் உறங்கத் தயாராகாது. என் வீட்டில் இந்த நிலைக்கு வரவே ஏழு வாரம் ஆனது.

அதன்பிறகுதான் தினைக் கதிர். தினைப்புனத்தில் பரண்மேல் உட்கார்ந்து கிளியை விரட்டிய பெண்களைத்தான் நம் பழம்பாடல்கள் பாடுகின்றன. நீ அந்தக் கதிரையே பிடித்துக்கொண்டு வா வா என்று கெஞ்சப்போகிறாய். கிண்ணத்தில் எப்போதும் கிடைப்பது உன் கைக்கு இழுக்காது, ஆதலால் கதிரைக் கிண்ணத்தில் போடாதே. உன் கையில் மட்டுமே கிடைக்கட்டும். அதற்காகப் பட்டினி போடும் வேலையும் வேண்டாம், வழக்கமான தீனி எப்போதும் இருக்க வேண்டும். ஒரு சாண் நீளக் கதிரின் காம்பு நுனியைப் பிடித்துக் கம்பி வழியாக நீட்டு. முதலில் எதுவும் வராது. சில நாள் கழித்து இரண்டில் துணிச்சலுள்ளது கழுத்தை மட்டும் நீட்டி ஒரு மணியைக் கொத்திக்கொண்டு ஓடும். நாள் செல்லச் செல்ல நீ பிடிக்கும் இடத்தை முன்னே நகர்த்து, கதிர் குறையட்டும், விரல் நெருங்கட்டும்.

இங்கேதான் ஜோடியாக வளர்ப்பதன் பயன் தெரியும். என் பெரியவள் முதன்முதலில் என் விரலருகே வந்து கதிரைத் தின்றபோது, சின்னவன் மேல் குச்சியில் இருந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவள் நிதானமாகத் தின்றுவிட்டு மேலே ஏறிப்போய், தலையை இரண்டு மூன்று முறை மேலும் கீழும் ஆட்டி, தொண்டைப்பையில் இருந்ததை எடுத்துச் சின்னவனுக்கு ஊட்டினாள். என் கையிலிருந்த தினை அப்படித்தான் முதன்முதலில் அவளிடம் போய்ச் சேர்ந்தது. ஐந்தாம் நாள் சின்னவனே இறங்கி வந்தாள். தனிப்பறவைக்கு நாம்தான் ஒவ்வொரு அடியையும் கற்றுத்தர வேண்டும். ஜோடியில் ஒன்று கற்றால் பாதி வேலையை அதுவே மற்றொன்றுக்குச் செய்துவிடுகிறது. ஒரு எச்சரிக்கை மட்டும்: துணிந்த பறவைக்கே எல்லாவற்றையும் கொடுத்துப் பழகிவிட்டால், பயந்தது இன்னும் ஒதுங்கும். இரண்டு கையில் இரண்டு கதிர் பிடி, இரண்டுக்கும் நடுவே ஓரடி இடம் விடு.

கடி விழும். சின்ன அலகு என்று நினைக்காதே, இரத்தம் வரும்வரை கடிக்கும். விழுந்தால் கத்தாதே, கையை உதறாதே, கூண்டைத் தட்டாதே. அலகு தளர்ந்ததும் மெதுவாகக் கையை எடுத்துவிட்டு, அதற்கு முன் அது காட்டிய அடையாளங்களில் எதைக் கவனிக்காமல் விட்டாய் என்று யோசி. என் அனுபவத்தில் கடிக்கு முன்பு கழுத்து விறைப்பதும், உடம்பு முன்னால் சாய்வதும், அலகு திறப்பதும் கட்டாயம் நடக்கும். கையுறை போட்டுக்கொள்ளும் எண்ணமும் வேண்டாம்; அதைப் பார்த்து அவை இன்னும் அதிகமாக மிரளும். வேண்டாம் என்று பறவை சொல்லும்போது நீ விலகுகிறாய் என்பது அதற்குத் தெரிந்துவிட்டால், கடிக்க வேண்டிய தேவை தானாகக் குறைகிறது.

கூண்டைத் திறந்துவிடும் நாள் வந்தால், மின்விசிறியை நிறுத்து, சன்னல் கண்ணாடிக்குத் திரை இழு, கதவைத் திறந்துவைத்துவிட்டு நீ தள்ளிப்போய் உட்கார். பிடித்து வெளியே எடுக்காதே. அதைவிட முக்கியமாக, பிடித்து உள்ளே போடாதே. துணியைப் போட்டு அமுக்கிப் பிடித்த ஒரே ஒரு மாலை, இரண்டு மாத உழைப்பைக் கரைத்துவிடும். மாலைத் தீனியைக் கூண்டுக்குள் வைத்து விளக்கைக் குறைத்தால் அவையே திரும்பிவிடும். ஒன்று உள்ளே போய்க் குரல் கொடுத்தால் மற்றொன்று வெளியே வெகுநேரம் நிற்பதில்லை.

கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த மரப்பெட்டியைக் கழற்றிவிடு. பெட்டி இருந்தால் பெண்பறவை முட்டையிட முனையும், பெட்டிக்குக் காவல் இருக்கும், நேற்றுவரை கையில் தினை தின்றதே இன்று பாயும். பெட்டி இல்லாமலும் சில பருவங்களில் அந்த வேகம் வரும். காகிதத்தைக் கிழித்துப் பட்டையாக்கும். உன்னுடையவை அதை அலகில் எடுத்துப் போகும். என்னுடையவை செய்தித்தாளை ஒரே அகலத்தில் அழகாக நறுக்கி, முதுகின் கீழ்ப்புற இறகுகளுக்குள் செருகிக்கொண்டு பறக்கும். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டில்கர் என்ற ஆய்வாளர் இந்த இரண்டு வகையையும் கலந்து குஞ்சு எடுத்துப் பார்த்தார். அந்தக் குஞ்சுகள் பட்டையை இறகில் செருகவும் முடியாமல், அலகில் பிடிக்கவும் தெரியாமல் குழம்பி, அலகில் கொண்டுபோகப் பழகுவதற்கே ஆண்டுக்கணக்கில் ஆனது. பிறவியோடு வந்தது அத்தனை ஆழத்தில் இருக்கிறது. கூடு கட்டும் வேகத்தில் உன்னைக் கடித்தால் அதை நம்பிக்கை முறிந்ததாக எடுத்துக்கொள்ளாமல், சில வாரம் கையைத் தள்ளியே வைத்திரு.

கடைசியாக, எதை எதிர்பார்க்கலாம் என்பது. தோளை விட்டு இறங்காத, கன்னத்தோடு ஒட்டிக்கொள்ளும் பறவையை நீ இணையத்தில் பார்த்திருப்பாய். அவற்றில் பல குஞ்சிலிருந்து கையில் ஊட்டி, தனியாக வளர்க்கப்பட்டவை. உன் ஜோடியில் முதலிடம் எப்போதும் ஒன்றுக்கு மற்றொன்றுதான். அவற்றுக்கு நீ தேவையில்லாதபோதும், நீ உட்காரும் நாற்காலியின் முதுகில் வந்து இரண்டும் ஒட்டி உட்கார்ந்து தம்பாட்டுக்குக் கோதிக்கொள்ளும் ஒரு நாள் வரும். எனக்கு அது பதினான்காம் மாதத்தில் வந்தது. அன்று சின்னவன் என் கண்ணாடிக் காம்பைக் கடித்துப் பள்ளம் போட்டாள். அந்தக் கண்ணாடியை இன்னும் மாற்றவில்லை.

இவை நல்லபடி பார்த்துக்கொண்டால் பத்துப் பதினைந்து ஆண்டு இருக்கக்கூடியவை, ஆறு மாதக் கணக்கெல்லாம் போடாதே. உன் அப்பா ஞாயிற்றுக்கிழமை அங்கே வரும்போது தினைக் கதிர் இரண்டு கட்டும், கொய்யாக் கிளை நான்கும் கொடுத்தனுப்புகிறேன்; கிளையைக் கழுவிக் காயவைத்துக் கூண்டில் குறுக்கே கட்டு. கடல்நுரை என்னும் கணவாய் ஓட்டுத் துண்டு அங்கேயே கிடைக்கும், ஒன்று வாங்கித் தொங்கவிடு. பொங்கலுக்கு என் வீட்டுக்கு வா. அந்த நான்கு நாளும் தீனி வைக்கத் தெரிந்த யாரிடமாவது கூண்டை ஒப்படைத்துவிட்டு, நீ மட்டும் வா.

அன்புடன்,
சித்தி