உங்கள் மாலில் இருக்கும் அந்தக் கூப்பன் பெட்டியைப் பற்றி

கோவையில் மால், சூப்பர் மார்க்கெட், பெட்ரோல் பங்க் நடத்தும் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். எஸ்கலேட்டர் ஏறி முடிக்கிற இடத்தில் ஒரு சின்ன மேசை போட்டு, அதன்மேல் லக்கி டிரா சீட்டுப் போடக் கண்ணாடிப் பெட்டி வைத்து, பின்னால் கோவா கடற்கரைப் படம் போட்ட பேனர் கட்டி, டை கட்டிய ஒரு பையனையும் பெண்ணையும் நிறுத்தியிருப்பார்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். இதை அந்த ஹாலிடே கிளப்காரர்களுக்கே (மொத்தமாக ஒரு தொகை கட்டினால் வருஷாவருஷம் சில நாள் வெளியூரில் தங்கலாம் என்று மெம்பர்ஷிப் விற்கிறவர்கள்) எழுத வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அவர்களைத் தெரியாது, உங்களைத்தான் தெரியும். மாசாமாசம் உங்களிடம்தான் மளிகை வாங்குகிறோம், உங்கள் பங்கில்தான் பெட்ரோல் போடுகிறோம். ரோட்டோரத்தில் எவனாவது பெட்டி வைத்துக்கொண்டு பெயரும் போன் நம்பரும் கேட்டால் எங்கள் ஊரில் ஒருத்தரும் எழுதிப் போட மாட்டார்கள். உங்கள் கூரைக்குக் கீழே இருக்கிறது என்பதால்தான் எழுதிப் போடுகிறார்கள்.

அந்தச் சீட்டை நீங்கள் ஒரு தடவையாவது கையில் வாங்கிப் படித்திருக்கிறீர்களா? பெயர், போன் நம்பர், சரி. அப்புறம் வயது, கல்யாணம் ஆகிவிட்டதா, மாத வருமானம் எவ்வளவு (கட்டம் கட்டமாகப் போட்டு டிக் அடிக்கச் சொல்கிறார்கள்), சொந்த வீடா வாடகை வீடா, கார் இருக்கிறதா, கிரெடிட் கார்டு இருக்கிறதா, இருந்தால் எந்த வங்கி. குலுக்கிப் போட்டு ஒரு சீட்டை எடுப்பதற்கு என் வீட்டுக்காரர் எந்த வங்கி கார்டு வைத்திருக்கிறார் என்பது எதற்கு? ஆனால் பக்கத்தில் நிற்கிற பெண் 'அண்ணா, சும்மா ஃபில் பண்ணிப் போடுங்கண்ணா, லக்கி டிராதாங்க, ஃப்ரீதாங்க' என்று சிரித்துக்கொண்டே பேனாவை நீட்டும்போது யாரும் அதை யோசிப்பதில்லை. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். காலையிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டு, எத்தனை சீட்டு நிரப்பினாள் என்று கணக்குக் கொடுக்க வேண்டிய வேலை, பாவம்.

என் வீட்டுக்காரரும் எழுதிப் போட்டார். சில நாளில் போன் வந்தது. 'கங்க்ராஜுலேஷன்ஸ் மேம், சாரோட பேர்ல கிஃப்ட் விழுந்திருக்கு, கோவா, மூணாறு, ஊட்டி, எங்க வேணும்னாலும் மூணு நாள் ரெண்டு நைட் ஸ்டே.' கோயமுத்தூர்க்காரிக்கு ஊட்டி பரிசாம், விடிகாலையில் பஸ் ஏறினால் ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்போம், அது இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு ஹோட்டலுக்கு வந்து பரிசை வாங்கிக்கொள்ள வேண்டும், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வர வேண்டும், கிரெடிட் கார்டு கொண்டு வர வேண்டும், 'ஜஸ்ட் ஒரு ஐடி ப்ரூஃபுக்குதான் மேம்'. எதையும் வாங்க வேண்டியதில்லை, ஒரு மணி நேரம்தான் என்றார்கள். எங்கள் அபார்ட்மெண்டில் கீழ் வீட்டுக்காரருக்கும் விழுந்திருந்தது, அவர் மச்சானுக்கும் விழுந்திருந்தது. சீட்டுப் போட்ட யாருக்குமே விழாமல் போகாத குலுக்கலை நான் அப்போதுதான் முதன்முதலில் கேள்விப்பட்டேன்.

போனோம். ஏசி ஹால், வட்ட வட்ட மேசைகள், காது கிழிகிற பாட்டு. வாசலில் கார்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளேயே விட்டார்கள். ஒரு கட்லெட், ஒரு காகித டம்ளரில் ஜூஸ். ஒரு பையன் வந்து உட்கார்ந்து, போன வருஷம் எங்கே டூர் போனீர்கள், ரூமுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று அன்பாக விசாரித்து, ஒரு வெள்ளைத் தாளில் தலைகீழாக, அதாவது எங்கள் பக்கம் நேராகத் தெரியும்படி, கணக்குப் போட ஆரம்பித்தான். அதைப் பாராட்டத்தான் வேண்டும், என்னால் அப்படி எழுத முடியாது. வருஷத்துக்கு 5 நாள், ரூம் 5,000, ஆக 25,000. வருஷத்துக்கு 10 சதவீதம் ஏறும் என்று வைத்தால் 25 வருஷத்தில் 24 லட்சத்துக்கு மேல். அந்த 24 லட்சத்தை வட்டம் போட்டான். அதற்குப் பக்கத்தில் மெம்பர்ஷிப் விலை 3.5 லட்சம் என்று எழுதி, அதையும் அடித்துவிட்டு, இன்றைக்கு மட்டும் 2 லட்சம் என்றான். நடுநடுவே ஏதாவது ஒரு மேசையில் யாராவது கையெழுத்துப் போட்டுவிட்டால் மைக்கில் 'வெல்கம் டு தி ஃபேமிலி' என்று கத்துவார்கள், எல்லோரும் கை தட்ட வேண்டும், பலூன் உடைப்பார்கள்.

நான் ஒரு கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள். வருஷாவருஷம் கட்ட வேண்டிய பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டேன். அது தாளில் இல்லை. கொஞ்சம் இழுத்து, 10,000 என்றான், அது ஏறுமா என்றதற்கு 'மார்க்கெட்டைப் பொறுத்து மேம்' என்றான். சரி, அந்த 2 லட்சத்தை 7 சதவீதத்தில் டெபாசிட் போட்டால் வருஷத்துக்கு 14,000 வட்டி. பராமரிப்பு 10,000. இரண்டும் சேர்த்து 24,000. அவன் எங்களைப் பயமுறுத்திய அந்த 25,000-க்கு ஆயிரம்தான் குறைச்சல், முதலும் நம் கையிலேயே இருக்கும், எந்த ஊருக்குப் போவது, எப்போது போவது என்று எவனிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நான் இதைச் சொன்னதும் அவன் எழுந்து போய் மேனேஜரைக் கூட்டி வந்தான். மேனேஜர் இன்னும் கொஞ்சம் குறைத்தார், தவணை போட்டுத் தருகிறேன் என்றார். அப்புறம் இன்னொருவர். அவர் என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரிடம் மட்டும், 'என்ன சார், மேடத்த கேட்டுத்தான் எல்லாம் பண்ணுவீங்களா' என்று கேட்டார். அவர் 'ஆமாங்க' என்றார். அத்தோடு முடிந்தது. ஒரு மணி நேரம் என்று சொன்னது மத்தியானச் சாப்பாட்டு நேரத்தைத் தாண்டியிருந்தது. வேண்டாம் என்று உறுதியாகச் சொன்ன பிறகு ஒருத்தர் முகத்திலும் சிரிப்பு இல்லை, எதற்கு வந்தீர்கள் என்கிற மாதிரி ஒரு பார்வை. வெளியே போகிற வழியில் ஒரு மேசையில், தலை நிமிராமல் ஒரு பெண் ஓர் உறையை எடுத்துக் கொடுத்தாள். அதுதான் பரிசு.

உறையின் மேல் 'ரூ. 24,999 மதிப்புள்ள விடுமுறைப் பரிசு' என்று தங்க நிற எழுத்து. உள்ளே இருந்த அட்டையின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் நிபந்தனைகள். அறை மட்டும்தான், சாப்பாடு, போக்குவரத்து நம் செலவு. 30 நாளுக்குள் ஒரு தொகை கட்டிப் பதிவு செய்ய வேண்டும், அது திரும்பக் கிடைக்காது. சனி, ஞாயிறு, அரசு விடுமுறை, ஏப்ரல், மே, தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் கிடையாது. மூன்று தேதி எழுதிக் கொடுக்க வேண்டும், அறை காலியாக இருந்தால் தருவார்கள். பிள்ளைகளுக்குத் தனிக் கட்டணம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு இதில் மிச்சம் இருப்பது ஏதோ ஒரு ஆகஸ்ட் மாதச் செவ்வாய்க்கிழமைதான். கேட்ட பதிவுத் தொகைக்கு, அதே செவ்வாய்க்கிழமை, மூணாறில் நல்ல அறையே போட்டுவிடலாம். பார்த்தேன், கிடைக்கிறது.

பரிசு சின்னது என்பதில் எனக்கு வருத்தமில்லை. ஆடித் தள்ளுபடியில் ஜவுளிக்கடை குலுக்கலில் எவர்சில்வர் டப்பா விழுந்தால் சிரித்துக்கொண்டே வாங்கி வருகிற ஆள்தான் நான். டப்பா டப்பாவாகவே இருக்கும்.

அந்த 24,999-ஐத்தான் கொஞ்சம் பாருங்கள். குலுக்கலில் விழுகிற பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால், கொடுப்பவர் 30 சதவீதம் வருமான வரி பிடித்துக் கட்ட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். காராகவோ பைக்காகவோ கொடுத்தாலும் வரி கட்டியாகிவிட்டதா என்று உறுதி செய்த பிறகுதான் சாவியைக் கொடுக்க வேண்டும். நிஜமாகவே கார் விழுந்தவர்கள் சிலர் அந்த வரிக்குப் பணம் புரட்ட முடியாமல் முழித்திருக்கிறார்கள், அதுவும் ஒரு ஏமாற்றம்தான், ஆனால் அங்கே காராவது இருக்கிறது. எங்களிடம் அன்றைக்கு கிரெடிட் கார்டைக் கேட்டார்கள், ஆதாரைக் கேட்டார்கள், வரி பிடிக்கத் தேவையான பான் நம்பரை மட்டும் யாரும் கேட்கவில்லை. அப்படியென்றால் அந்த அட்டை 24,999 பெறாது, இல்லையென்றால் குலுக்கலே நடக்கவில்லை. இரண்டில் ஒன்றைத்தான் அவர்கள் சொல்ல முடியும். எதைச் சொன்னாலும் உங்கள் மாலில் தொங்குகிற அந்த பேனர் பொய்.

சட்டத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், உங்களிடம் வக்கீல் இருப்பார், அவரிடம் காட்டுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(47). பரிசு தருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சொன்னபடி தராமல் இருக்கும் எண்ணத்தோடு அறிவிப்பது நேர்மையற்ற வணிக முறை. காசை வேறு வழியில் வாங்கிக்கொண்டு இலவசம் என்று தோன்றச் செய்வதும் அதில் வரும். வியாபாரத்தை வளர்ப்பதற்காகக் குலுக்கல் நடத்துவதையே அந்தப் பிரிவு நேர்மையற்ற முறை என்றுதான் வைத்திருக்கிறது. பரிசுத் திட்டம் முடிந்த பிறகு கடைசி முடிவு என்ன என்பதைக் கலந்துகொண்டவர்களிடம் சொல்லாமல் மறைப்பதும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. உங்கள் பெட்டியில் சீட்டுப் போட்ட எத்தனை பேருக்கு முடிவு தெரியும்? 2022-இல் வந்த தவறான விளம்பரங்களுக்கு எதிரான வழிகாட்டு நெறிகள், கேட்டுப் பெறுவதற்கும் கொண்டுவந்து கொடுப்பதற்கும் ஆகிற தவிர்க்க முடியாத செலவைத் தவிர வேறு காசு கேட்டால் அதை இலவசம் என்று விளம்பரம் செய்யக் கூடாது என்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008-லேயே ஒரு சட்டம் போட்டுவிட்டார்கள்: இந்த மாதிரிக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால், இது விற்பனைக் கூட்டம் என்று அழைப்பிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட்டாலும் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம், அதுவரை ஒரு காசு முன்பணம் வாங்கக் கூடாது. நம் ஊரில் 'இன்றைக்கு மட்டும்' என்பதுதான் விலையே, வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்பவரிடம் அந்த ஹாலில் யாரும் இரண்டாவது தடவை மரியாதையாகப் பேசுவதில்லை.

'நாங்கள் இடத்தை வாடகைக்கு விட்டோம், அவ்வளவுதான்' என்று சொல்வீர்கள். வாடகைக்கு விடும்போது உள்ளே விற்கிற பண்டம் கெட்டுப்போனதா என்று பார்ப்பீர்கள்தானே? கெட்டுப்போன பால் விற்கிற கடையை ஒரு வாரம் வைத்திருப்பீர்களா? அந்தச் சீட்டுப் போட்ட பிறகு எங்கள் வீட்டுக்கு வருகிற போன்களைச் சொல்லி மாளாது. சைட் விற்கிறவன், இன்சூரன்ஸ்காரன், கிரெடிட் கார்டு, இன்னொரு ஊரிலிருந்து இன்னொரு ஹாலிடே கிளப். என் வீட்டுக்காரருடைய வருமானக் கட்டம் வரைக்கும் தெரிந்துகொண்டு பேசுகிறார்கள். தொல்லை அழைப்பு வேண்டாம் என்று எப்போதோ பதிவு செய்த நம்பர் அது, கேட்டால் 'நீங்கதான் மேம் ஃபார்ம் ஃபில் பண்ணி கன்சென்ட் குடுத்திருக்கீங்க' என்கிறார்கள். கன்சென்ட் உங்கள் எஸ்கலேட்டர் பக்கத்தில் வாங்கியது.

நாங்கள் தப்பித்தோம், கணக்கு எழுதுகிற புத்தி உதவியது. அன்றைக்கு எங்கள் பக்கத்து மேசையில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார், மனைவியோடு. அந்தம்மா புதுப் புடவை கட்டி வந்திருந்தார்கள், பரிசு வாங்கப் போகிறோம் என்று. பலூன் உடைந்தது அவர்கள் மேசையில்தான். அவர் கை தட்டலுக்கு எழுந்து நின்று கும்பிட்டார். அந்த ஜோடியும் உங்களைப் போல ஒரு கடையில்தான் சீட்டுப் போட்டிருப்பார்கள். அவரைப் போல யாராவது இதைப் படித்தால்: 1915-க்குப் போன் செய்யலாம், தேசிய நுகர்வோர் உதவி எண் அது. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணமே கிடையாது. கம்பெனி வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற ஊரிலேயே கொடுக்கலாம். கார்டு தேய்த்த ரசீதையும், அந்த வெள்ளைத் தாள் கிடைத்தால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தானோ என்னவோ, எங்களிடம் எழுதிக் காட்டிய தாளை எழுந்திருக்கும்போது பையன் மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான்.

நிர்வாகிகளே, பெட்டிகளை இன்றைக்கே எடுங்கள் என்று சொன்னால் எடுப்பீர்களா, தெரியாது, வாடகை வருகிறது. வைத்திருப்பதென்றால் இதையாவது செய்யுங்கள். இது விடுமுறைத் திட்ட விற்பனைக்காக விவரம் சேகரிக்கும் சீட்டு என்று சீட்டின் முன்பக்கம் தமிழில், பெயர் எழுதுகிற அளவு எழுத்தில் அச்சிடச் சொல்லுங்கள். எந்தக் கம்பெனி, எந்த முகவரி என்பது பேனரில் இருக்கட்டும். வருமானமும் கார்டும் கேட்கிற கட்டங்களை அடிக்கச் சொல்லுங்கள். குலுக்கல் என்றால் உங்கள் மேனேஜர் முன்னால், ஜனங்கள் பார்க்க, சொன்ன தேதியில் பெட்டியைத் திறந்து சீட்டை எடுத்து, விழுந்தவர் பெயரை உங்கள் நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லையென்றால் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்வீர்கள்.

அடுத்த மாதம் முழுப் பரீட்சை முடிகிறது, கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரத்தான் போகிறோம். அதற்குள் ஒரு பதில் போடுங்கள். உங்கள் கஸ்டமர் கேர் கவுண்டரில் இந்தக் கடிதத்தின் ஒரு பிரதியைக் கொடுத்து, சீல் வைத்து வாங்கியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கடையில் வாராவாரம் பில் போடும் ஒருத்தி
கோயமுத்தூர்