சிங்கம் போட்ட குற்றிகள்

யாழ்ப்பாணம்
கார்த்திகை மாதம்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து காவிரிக்கரை வரை நடக்கிறாய் என்று படித்ததும் மனம் ஆறியது. இங்கே நாங்கள் சுகம். என் வலக்கண்ணில்தான் வெள்ளை படர்ந்திருக்கிறதாம், தை பிறந்ததும் வெட்டலாம் என்கிறார் டொக்டர். அந்தக் கண்ணும் நீ விட்டுப்போன சில்லறையும் சேர்ந்து என்னைப் படுத்திய பாட்டைச் சொல்லத்தான் இப்போது எழுதுகிறேன்.

நல்லூர்த் திருவிழாவுக்கு நீ காங்கேசன்துறையில் கப்பலால் இறங்கி வந்த அன்று, சட்டைப்பையிலிருந்து ஒரு கை சில்லறைக் குற்றியை எடுத்து எங்கள் மேசையில் வைத்தாய். வீட்டுக்காரி அதை அப்படியே என் பஸ்காசுப் பேணிக்குள் கொட்டிவிட்டாள். இத்தனை நாளும் அடியில் கிடந்தது. போன கிழமை பருத்தித்துறை பஸ்ஸில் தாளோடு நாலு குற்றியும் சேர்த்துக் கொடுத்தேன். கொண்டக்டர் பெடியன் உள்ளங்கையில் பரப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, உது இந்தியாக் காசு. இந்த பஸ் திருச்சிக்குப் போகாது" என்றான். பஸ் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய?

வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியோடு இருந்துவிட்டேன். முன்பு எங்கள் இரண்டு ரூபாய் அகலமாக இருக்கும், கண்ணை மூடிக்கொண்டே எடுக்கலாம். 2017 என்று பொறித்து வந்த புது வரிசையில் அதை 22 மில்லிமீட்டருக்குச் சுருக்கிவிட்டார்கள். 2011இல் வந்த உங்கள் ஒரு ரூபாயும் அதே 22தான், அதே வெள்ளை உருக்குதான். மஞ்சள் ஐந்து ரூபாய் இன்னும் மோசம். உங்களுடையது 23, எங்களுடையது 23.5. இரண்டிலும் சிங்கம் வேறு! உங்கள் தூணில் நாலு சிங்கம், மூன்றுதான் தெரியும். எங்களதில் ஒன்று, வாளோடு. தேய்ந்துவிட்டால் என் கண்ணுக்கு எல்லாம் ஒரு புடைப்புதான்.

பேரன் காந்தம் ஒன்றைக் கொண்டுவந்தான். 2005க்குப் பிறகு வந்த எங்கள் மஞ்சள் ஐந்து பாய்ந்து ஒட்டுகிறது, மேலேதான் பித்தளைப் பூச்சு, உள்ளே இரும்பு. உங்களது செம்பும் நாகமும் கலந்தது, அசையவே இல்லை. அவனுக்குப் பெரிய பம்பல், விளக்கு வைக்கும்வரை பிரித்துக்கொண்டிருந்தான்.

எழுத்தைப் பார்த்தால் உடனே தெரியும்தான். எங்கள் குற்றியில் தமிழும் இருக்கிறது. உங்களதில் இந்தியும் ஆங்கிலமும் மட்டும். தாளிலாவது மற்ற மொழிகளோடு ஒரு வரி தமிழ் போடுகிறார்கள். நாங்கள் இங்கே பட்டதை நினைத்தால் இது ஒரு விசித்திரக் கணக்கு. அதை நேரில் கதைப்போம்.

ஆனால் மச்சான், இந்தக் குழப்பம் பழையது. ராஜராஜ சோழன் காசில் ஒரு பக்கம் ஓர் ஆள் நிற்பான், மறுபக்கம் குந்தியிருப்பான். பொலன்னறுவையில் பராக்கிரமபாகு அதே ஆளை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றினான். யாழ்ப்பாணத்தை ஆண்ட நம்முடைய ஆரியச்சக்கரவர்த்திகளும் நிற்பவனை விட்டுவிட்டு, பின்பக்கம் நந்தியைப் படுக்கவைத்து 'சேது' என்று எழுதினார்கள். அந்தக் காலத்துச் சந்தையிலும் என்னைப்போலக் கண் மங்கிய கிழவன் ஒருவன் வெற்றிலைக்காரியிடம் ஏச்சு வாங்கியிருப்பான்.

உங்கள் ஒரு ரூபாய் இங்கே ஏறக்குறைய மூன்றரை பெறும். அதன்படி பெடியனுக்கு லாபம்தான், ஆனால் குற்றியை யார் மாற்றித் தருவார்கள்? காசு மாற்றுகிறவர்கள் தாளைத்தான் தொடுவார்கள்.

மாசியில் மகள் திருச்சிக்கு வருகிறாள். பனங்கட்டிக் குட்டானும் பினாட்டும் தந்துவிடுகிறேன். அதற்குள் ஒரு பொட்டலத்தில் உன் 38 ரூபாயும் இருக்கும். வடிவாக எண்ணிப் பார், எங்களுடையது ஒன்றிரண்டும் கலந்திருக்கும்.

உன்,
பழைய வாங்குத் தோழன்