22 டன் என்று விற்ற விறகு பிளக்கும் இயந்திரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்

அனுப்புநர்:
உரிமையாளர், விறகு மண்டி, அல்சூர், பெங்களூரு

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, தலைமை அலுவலகம், கோயம்புத்தூர்

பொருள்: ஹைட்ராலிக் விறகு பிளக்கும் இயந்திரத்தின் குறைபாடு, உங்கள் பெங்களூரு கிளை ஊழியரின் பேச்சு, பணத்தைத் திருப்பித் தருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் பெங்களூரு பீனியா கிளையோடு பேசித் தொண்டை வற்றிப்போனதால் நேரடியாக உங்களுக்கு எழுதுகிறேன். போன் செய்யும்போதெல்லாம் புதிதாக ஒருவர் எடுக்கிறார். முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. கடைசியில் "டிக்கெட் போட்டிருக்கிறோம் மேடம்" என்கிறார். அந்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு எந்த ஊருக்குப் போவது என்றுதான் தெரியவில்லை.

இயந்திரத்தைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, செய்தவர்கள் நீங்கள். பொங்கல் கழிந்து வாங்கிய பெரிய மாடல், 7.5 குதிரைத்திறன் மோட்டார். ஆப்பைத் தள்ளும் விசை 22 டன் என்று அதன் பக்கவாட்டில் சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். கணு உள்ள புளியங்கட்டையை வைத்தால் ஆப்பு விரல் நீளம் இறங்கி நின்றுவிடுகிறது. அழுத்தம் மிஞ்சினால் எண்ணெயைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு கத்துகிறது, எண்ணெய் கொதிக்கிறது, கட்டை அப்படியே இருக்கிறது.

இதற்கு உங்கள் ஆட்கள் சொன்ன காரணங்களைக் கேளுங்கள். முதலில் மின்சாரம் சரியில்லை என்றார்கள். எலக்ட்ரீஷியனை வரவழைத்து மூன்று ஃபேஸையும் பார்த்தேன், சரியாக இருக்கிறது. மோட்டார் எதிர்த்திசையில் சுற்றுகிறதா என்றும் பார்த்தாயிற்று. பிறகு, மரம் காய்ந்துவிட்டது, பச்சை மரமாகப் போடுங்கள் என்றார்கள். ஐயா, மாலூர், ஹொசகோட்டே பக்கமிருந்து வரும் தைல மரம் பச்சையாக இருந்தால் என் மண்டியில் இருக்கும் பெரியவரே கோடாரியால் பிளந்துவிடுவார். காய்ந்த பிறகு அதன் நார் முறுக்கிக்கொள்ளும், கோடாரி கட்டைக்குள் மாட்டிக்கொள்ளும். அதற்காகத்தானே இயந்திரம்?

உங்கள் துண்டறிக்கையில் "கோடாரிக்கு விடை கொடுங்கள், பத்து ஆள் வேலை ஒரே ஆள்" என்று போட்டிருக்கிறீர்கள். எழுதியவர் விறகு பிளந்து பார்த்தவர் இல்லை. நேரான சவுக்குக் கட்டையை உங்கள் இயந்திரம் ஒரு முறை போய்த் திரும்புவதற்குள் பெரியவர் நான்கு துண்டாக்கிவிடுவார். கட்டையின் தலையில் வெயிலில் விட்ட வெடிப்பைப் பார்த்து அதன் மேலேயே போடுவார். பருத்த கட்டை என்றால் நடுவில் கை வைக்காமல் ஓரத்திலிருந்து பலகை பலகையாகச் சீவிக்கொண்டு வருவார். எல்லாக் கட்டையையும் இயந்திரத்தால் பிளக்க வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. கணுக்கட்டை, கிளை பிரியும் இடம், முறுக்கு நார், இவற்றுக்கு மட்டும்தான் வாங்கினேன். அவற்றுக்கு இரும்பு ஆப்பும் சம்மட்டியுமாக அவர் மல்லுக்கட்டித் தோள்பட்டை போய்விட்டது. இன்று அவரே மறுபடி சம்மட்டி தூக்குகிறார், இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக நான் கொடுத்து வாங்கிய இயந்திரம் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறது.

டிப்பர் லாரிக்கு ஹைட்ராலிக் வேலை செய்யும் மெக்கானிக் ஒருவரைக் கலாசிபாளையத்திலிருந்து அழைத்துவந்து பிரஷர் கேஜ் மாட்டச் செய்தேன். ஆப்பு நிற்கும் நேரத்தில் முள் காட்டிய எண்ணெய் அழுத்தம் 160 பார். சிலிண்டரின் உள்விட்டம் 100 மி.மீ. என்று உங்கள் கையேடே சொல்கிறது. பிஸ்டனின் பரப்பு 78.5 சதுர செ.மீ. 160 பார் என்றால் சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 163 கிலோ. பெருக்கிப் பாருங்கள், 12,800 கிலோ. 13 டன்னைக்கூட எட்டவில்லை! சரி, ரிலீஃப் வால்வைத் திருகி அழுத்தத்தை ஏற்றலாம் என்றால், பம்ப்பின் தகட்டில் உச்ச அழுத்தம் 210 பார் என்று அடித்திருக்கிறது. அதன் உயிரை வாங்கி ஓட்டினாலும் 17 டன்னைத் தாண்டாது. 22 டன்னுக்கு 275 பார் வேண்டும். அந்த ஐந்து டன் எங்கே இருக்கிறது? பெயிண்டில் இருக்கிறதா?

இந்தக் கணக்கைத்தான் உங்கள் கிளையில் தொழில்நுட்ப ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ளும் நபரிடம் போனில் சொன்னேன். பாதியில் நிறுத்தி, "வீட்டில் ஆண்கள் யாராவது இருந்தால் போனைக் கொடுங்கள்" என்றார். என் கணவர் காலமான பிறகு இந்த மண்டியை நடத்துவது நான். லாரிக்காரரோடு விலை பேசுவது நான், எடை போடுவது நான், உங்களுக்குப் பணம் கட்டியதும் நான். பணம் வாங்கும்போது உங்கள் கவுன்ட்டரில் யாரும் ஆண்களைக் கேட்கவில்லையே. அழைப்புகளைப் பதிவு செய்வதாக உங்கள் போனில் ஒரு குரல் சொல்கிறதே, அந்தப் பதிவை எடுத்து நீங்களே கேளுங்கள்.

எண்ணெய்க் கசிவைச் சொல்ல மறந்துவிட்டேன். சிலிண்டரின் முன்பக்க சீல் கசிந்து எண்ணெய் விறகின் மேல் சொட்டுகிறது. பேக்கரிக்குப் போன லோடு அப்படியே திரும்பி வந்தது. எண்ணெய் பட்ட விறகின் புகை ரொட்டியில் ஏறும் என்றார் பேக்கரிக்காரர், அவர் சொல்வது நியாயம்தான். சீல் மாற்ற வேண்டுமென்று சொன்னதற்கு, சிலிண்டரை மட்டும் கழற்றிக் கொண்டுவாருங்கள் என்றார்கள். கழற்றி, சாக்கில் சுற்றி, சரக்கு ஆட்டோவில் ஏற்றி, நகரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தும்கூர் சாலை நெரிசலில் போய்ச் சேர்ந்தால், வாசலில் காவலாளி "இன்று ஸ்டாக் எடுக்கிறார்கள், சர்வீஸ் இல்லை" என்கிறார். உள்ளேயிருந்து ஒருவர் வந்து, வாரண்டி வேண்டுமென்றால் முழு இயந்திரமும் வர வேண்டும் என்றார். முழு இயந்திரத்தைத் தூக்கக் கிரேன் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாதா? உட்கார ஒரு நாற்காலி இல்லை, குடிக்கத் தண்ணீர் தரவில்லை. ஆட்டோ வாடகையும் அன்றைய வியாபாரமும் போனது மட்டுமே மிச்சம். அந்த வாசலில் நின்றபோதுதான் இனி இவர்களோடு பேசிப் பயனில்லை என்று முடிவு செய்தேன்.

இன்னொன்று. துண்டறிக்கையில் இரண்டு நிலை பம்ப் (கட்டையைத் தொடும்வரை வேகமாகவும் பிறகு பலமாகவும் தள்ளுவது), 12 விநாடியில் போய் வரும் என்றிருக்கிறது. வந்திருப்பதோ ஒற்றை நிலை, நிமிடத்துக்கு 16 லிட்டர். 600 மி.மீ. தூரம் தள்ள அந்த சிலிண்டருக்கு 4.7 லிட்டர் எண்ணெய் வேண்டும். போவதற்கே 18 விநாடி ஆகிறது, திரும்புவது தனி.

ஆடி மாதம் முழுக்கக் கோயில் அன்னதானத்துக்கும் பிரியாணிக் கடைகளுக்கும் விறகு கொடுக்க முடியாமல் தலைகுனிந்து நின்றேன். செப்டம்பர் 8 சிவாஜிநகர் மாதா திருவிழாவை ஒட்டி வரும் சமையல்காரர்களின் ஆர்டரும் கை மாறிப் போய்விட்டது. என் மாமனார் காலத்திலிருந்து கட்டிக் காத்த பெயர் ஒரே இயந்திரத்தால் அழிந்துவிட்டது. இதற்கு ரூபாயில் விலை போட்டால் பத்து லட்சம் போதாது.

நீங்கள் நல்ல நிறுவனம் என்று நம்பித்தான் வாங்கினேன், இன்றும் பண்போடுதான் கேட்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் உங்கள் செலவில் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். பழுது பார்க்க ஆள் அனுப்புகிறோம் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 22 டன் தள்ள இதைவிடப் பருத்த சிலிண்டர் வேண்டும்; 100 மி.மீ. சிலிண்டரை யார் வந்து பழுது பார்த்து 130 மி.மீ. ஆக்கப்போகிறார்? அந்த ஆலோசகர் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும். மீண்டும் அவரையே என்னோடு பேச வைக்காதீர்கள்.

செய்யவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், பெங்களூரு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் பதிவாகும். வியாபாரத்துக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோர் இல்லை என்று உங்கள் கிளையில் ஒருவர் எனக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை அவர் முழுதாகப் படிக்கட்டும். சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கிப் பயன்படுத்தும் பொருளுக்கு அந்த விலக்கு பொருந்தாது. வழக்கை நான் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், கோயம்புத்தூருக்கு அலைய வேண்டியதில்லை. இல்லாத டன்னை விளம்பரம் செய்ததற்குத் தனியாக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கும் எழுதுவேன்.

இயந்திரத்தின் எண்ணெயை வடித்து, சிலிண்டரைத் திரும்பப் பொருத்தி, தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் காலை ஏழு மணிக்குள் வந்தால்தான் கிரேன் நிறுத்த இடம் கிடைக்கும். முதல் நாளே போன் செய்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உரிமையாளர், விறகு மண்டி, அல்சூர்

இணைப்பு: பில் நகல், துண்டறிக்கை, பம்ப் தகட்டின் படம், 160 பார் காட்டும் கேஜின் படம், பேக்கரி திருப்பி அனுப்பிய லோடின் சீட்டு.