ஒப்புவிப்புத் தேர்வுக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

ரங்கூன்
மே, 2025

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

கோடை விடுமுறைத் தமிழ் வகுப்புகள் முடியப் போகின்றன. மாதக் கடைசி ஞாயிறு ஒப்புவிப்புத் தேர்வு. எதை ஒப்பிக்க வேண்டும் என்பது பிள்ளைகளின் நோட்டிலேயே இருக்கிறது. நான் எழுத வந்தது வேறு விஷயம்.

"வீட்டில் கடகடவென்று சொல்கிறான், இங்கே வந்தால் வாயே திறப்பதில்லை" என்று அம்மாக்கள் பலர் வருத்தப்படுகிறீர்கள். இது சோம்பல் இல்லை, திமிரும் இல்லை. பயம் வந்ததும் மூளைக்குள் அமிக்டலா என்ற சிறு பகுதி உஷாராகிவிடும். சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் முதலில் அட்ரினலினையும், சற்றுப் பொறுத்து கார்ட்டிசோலையும் ரத்தத்தில் விடும். நெஞ்சு படபடக்கும். ரத்தம் பெரிய தசைகளுக்குப் போவதால் விரல்கள் சில்லிடும். போன மாதம் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி குறள் சொல்ல எழுந்தாள். வெளியே சித்திரை வெயில் கொளுத்துகிறது, அவள் கையோ ஐஸ் மாதிரி இருந்தது. உடம்பு ஓடத் தயாராகிவிட்டால், படித்ததை எடுத்துத் தரும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியும், நிதானமாக யோசிக்கும் மூளையின் முன்பகுதியும் தடுமாறும். படித்தது எங்கும் போய்விடவில்லை. அந்த நேரத்தில் எடுக்க வரவில்லை, அவ்வளவுதான். மூளையின் அந்த முன்பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருப்பது. எட்டு வயதுப் பிள்ளையை "பயப்படாதே!" என்று அதட்டி என்ன பயன்?

கொஞ்சம் பதற்றம் இருந்தால் கவனம் கூடும். அதை நான் குறை சொல்லவில்லை. நாள் கணக்கில் நீடிப்பதுதான் கெடுதல்.

மார்ச் 28 நிலநடுக்கத்தின் மையம் வடக்கே மண்டலே, சகாயிங் ஊர்கள் பக்கம் என்றாலும், ஆட்டம் இங்கேயும் தெரிந்தது. அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் உள்ள பிள்ளைகள் சிலர் இன்றும் பெஞ்சு அசைந்தாலே திடுக்கிடுகிறார்கள். அவர்கள் எதிரில் அந்த வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள். ராத்தூக்கம் கெடுவது, காரணமில்லாத வயிற்றுவலி, படுக்கையை நனைப்பது எல்லாம் வாரக்கணக்கில் தொடர்ந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். மந்திரித்துக் கயிறு கட்டுவதானால் கட்டுங்கள், டாக்டரையும் பாருங்கள்.

வகுப்பில் தினமும் ஒரு மூச்சுப் பயிற்சி தருகிறோம்: நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுவது. மூச்சை நீட்டி விடும்போது இதயத் துடிப்பு தணியும். பதற்றம் வந்த பிறகு சொல்லிக் கொடுத்தால் ஏறாது. சும்மா இருக்கும்போதே வீட்டிலும் பழக்குங்கள். நீங்களும் கூட உட்கார்ந்து செய்தால் நல்லது, முக்கியமாக அப்பாக்கள்.

தேர்வுக்கு முந்தின இரவு ஒன்பது மணிக்கே நோட்டை மூடிவிடுங்கள். படித்தது தூக்கத்தில்தான் மனதில் படியும். இந்த வருடம் பிள்ளைகளை மேடையில் நிறுத்தப்போவதில்லை, ஆசிரியை பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் போதும். திணறுகிற பிள்ளை அப்புறம் வந்து சொல்லலாம், மார்க் குறையாது. ராங்க் வாசிப்பதும் கிடையாது. இதில் சிலருக்கு வருத்தம் இருக்கும், தெரியும்.

காலை 8.30 மணிக்கு, சாப்பிட வைத்துக் கூட்டி வாருங்கள். வாசலில் நிறுத்தி "இன்னும் ஒரு தடவை சொல்லு" என்று மட்டும் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்