பிஎச்.டி. பற்றி நீ கேட்டதற்கு

பாப்பா,

பிஎச்.டி. சேரட்டுமா என்று போனில் கேட்டாயே, தாராளமாகச் சேர். "நர்ஸுக்கு எதுக்கு டாக்டர் பட்டம்" என்று கேட்கிற சொந்தக்காரர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தலைப்பு விஷயத்தில் மட்டும் அம்மா பேச்சைக் கேள். ஆளாளுக்கு எடுக்கிற அந்த 'ஸ்ட்ரக்சர்டு டீச்சிங் புரோகிராம்' உனக்கு வேண்டாம். ஒரு பிரீ டெஸ்ட், கொஞ்சம் வகுப்பு, ஒரு போஸ்ட் டெஸ்ட், மார்க் கூடியிருக்கிறது என்று முடித்துவிடுவார்கள். பாடம் நடத்தினால் மார்க் கூடத்தான் செய்யும், கட்டிலில் கிடக்கிறவருக்கு அதனால் என்ன ஆனது?

முதுகுத்தண்டு அடிபட்டவரின் மனைவி, ராத்திரியெல்லாம் செல்போனில் அலாரம் வைத்து ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிப் போட்டார், குதிகாலுக்குக் கீழே பழைய புடவையை மடித்து வைத்தார், கடைசிவரை பெட் சோரே வரவில்லை என்று சொன்னாயே, உன் ஆராய்ச்சி அங்கேதான் இருக்கிறது. நைட் டியூட்டியில் வார்டு முழுக்க ஒரே ஸ்டாஃப் நர்ஸ் என்றால் புரட்டுவது நோயாளியோடு தங்கியிருக்கிற வீட்டு ஆள், அந்த அட்டெண்டர்தான், நான் வேலை பார்த்த வருஷமெல்லாம் அப்படித்தான். ஆனால் அவர்கள் செய்த வேலை கேஸ் ஷீட்டில் ஒரு வரிகூட ஏறாது. அவர்களுக்கு முறையாகச் சொல்லிக்கொடுத்தால் புண் குறைகிறதா, அதை அளந்து காட்டு.

அமெரிக்காவில் லிண்டா எய்க்கன் என்பவரும் நர்ஸாக இருந்தவர்தான். ஒரு நர்ஸ் பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினாலே, ஆபரேஷன் ஆனவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று 2002-ல் அவர் குழு காட்டியது. ஆள் பற்றாது, ஆள் பற்றாது என்று நாங்கள் வாயால் சொல்லிக்கொண்டே இருந்தோம், அவர்கள் அதைக் கணக்காக எழுதி வைத்தார்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்கு உன் ஞாபகம்தான்.

கைடு யார் என்பதைப் பேரைப் பார்த்து முடிவு செய்யாதே, அவரிடம் ஏற்கெனவே இருக்கிற பிள்ளைகளிடம் டிராஃப்டை எத்தனை நாளில் திருப்பித் தருகிறார் என்று விசாரி. எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வாங்காமல் யாரிடமும் டேட்டா எடுக்காதே. சிகிச்சை மாதிரி ஏதாவது செய்து பார்ப்பதென்றால் முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ.யில், அதாவது இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளுக்கான அரசுப் பதிவேட்டில், பதிவு செய்துவிடு, 2018-லிருந்து பின்னால் பதிவு செய்ய விடுவதில்லை.

கிண்டியில் எம்.ஜி.ஆர். யுனிவர்சிட்டிக்கு வர வேண்டியிருந்தால் ராத்திரி பஸ்ஸில் திரும்பி ஓடாதே, சைதாப்பேட்டையிலிருந்து ஒரே ஸ்டேஷன், வீட்டிலேயே தங்கிக்கொள். எம்.எஸ்ஸி. சர்டிஃபிகேட், நர்ஸிங் கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன் ரெண்டும் என் பீரோவில்தான் இருக்கின்றன, ஜெராக்ஸ் எடுத்து இந்த வாரமே கூரியரில் போடுகிறேன்.

அம்மா